இலையோரம் ஒரு துண்டு

கோழி வறுவல் அவரைத் தாண்டிப் போனது.

மிளகு தூக்கலாக, மேலே கிள்ளிப் போட்ட கறிவேப்பிலையோடு. அடுத்த மேஜையில் ஒருவன் அதை வாங்கி, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, எதைத் தின்கிறோம் என்றே பாராமல் தின்றான்.

அவருக்கு வயிறெரிந்தது.

செத்துப்போனவருக்கு வயிறு ஏது என்று கேட்கக்கூடாது. நாக்கு அடங்கவில்லை. அவ்வளவுதான்.

ஏறக்குறைய ஒரு வருஷமாக இப்படித்தான் அலைகிறார். திருநெல்வேலியில் அவர் நுழையாத கடை இல்லை. சந்திப்புப் பக்கத்து பிரியாணிக் கடை, கேரளத்துக்காரரின் மீன் சாப்பாடு, மாடியில் சிவப்பு விளக்கு தொங்கும் சீனக் கடை, இன்றைக்குத் தென்காசிச் சாலைப் புரோட்டாக் கடை. காலி நாற்காலி கிடந்தால் உட்கார்ந்துவிடுவார். வாசனை வரும். அதோடு சரி.

போன இடத்தில் சட்டம் சொல்லியிருந்தார்கள். வீட்டார் ஒரு பிடி எடுத்து வைத்து, வாய்விட்டுக் கூப்பிட்டால்தான் அவர் தொடலாம். வருஷம் திரும்பிவிட்டால் அதுவும் கிடையாது. இந்தப் பக்கமே வர முடியாது.

அதற்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

வீட்டில் குறை வைக்கவில்லை. மனைவி செண்பகம் தினமும் முதல் பிடியை எடுத்து வைத்து, "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பாள்.

புடலங்காய்க் கூட்டு. காரமில்லாத மோர்க்குழம்பு. மறுநாளும் கூட்டு.

அதுதான் அவருக்கு உயிர் என்று அவள் நம்பினாள். நம்பவைத்தவர் அவரேதான்.

"கடைச் சாப்பாடா? அந்த எண்ணெய நெனச்சாலே கொமட்டுது" என்பார். ஆபீஸ் வேலையாக வெளியூர் போகும்போதெல்லாம் அவள் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை ரயிலில் யாருக்காவது கொடுத்துவிடுவார். இறங்கின ஊரில் எந்தக் கடையில் எது பேர்போனது என்று விசாரித்துப் போய் ஒரு பிடி பிடிப்பார். பிறகு டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து, அமிர்தம் என்று நீட்டுவார்.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை கேட்டாள், தன்னையும் எங்காவது சாப்பிடக் கூட்டிப் போகச் சொல்லி. வயிற்றைக் கெடுத்துக்கொள்ளவா என்று வாயை அடைத்துவிட்டார். தனியாகத் தின்பதில் ஒரு சுகம் கண்டிருந்தார்.

அவள் மறுபடி கேட்கவில்லை.

கடை வாசலில் இப்போது செண்பகம் நின்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடிபட்டுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார்.

மகள் பிரேமா அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். துணிக்கடைக்கு வந்தவர்கள். பசி. நேரே அவர் மேஜைக்கே வந்தார்கள். செண்பகம் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

இலை வந்தது. புரோட்டா. சால்னா. பக்கத்தில் கோழி.

செண்பகத்தைப் பழக்கம் விடவில்லை. ஒரு துண்டு பிய்த்து, நடுவில் கோழியை வைத்து மடித்து, இலையோரம் வைத்தாள்.

அவர் முன்னால் சாய்ந்தார்.

கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

அவள் கூப்பிடவில்லை. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிரும்மா. சாப்பிடு" என்றாள் பிரேமா.

செண்பகம் இன்னொரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள்.

மெல்லுவது நின்றது. கண்ணை மூடினாள்.

முந்தானை நழுவியதை அவள் கவனிக்கவில்லை. எலும்பை உறிஞ்சினாள். விரலை நக்கினாள். கடைக்காரரைத் தானே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, சால்னா அடியில கெடக்குறதா பாத்து ஊத்துங்க."

அடியில் கிடப்பது. ஊர் ஊராகத் தின்று அவர் கண்டுபிடித்த சூட்சுமம் அது. அவளுக்கு நாலு வாயில் தெரிந்துவிட்டது.

இப்படி ஒரு நாக்கு வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதன் எதிரே உட்கார்ந்து, கூட்டு பிரமாதம் என்று சொல்லியே காலத்தைத் தள்ளியிருக்கிறார். எத்தனை ஊர், எத்தனை கடை. ஒன்றில்கூட எதிர் நாற்காலியில் ஆள் இல்லை.

அவருக்கு அழ வேண்டும் போலிருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அத்தனைக்கும் நடுவே பசித்தது.

இலை காலியானது. ஓரத்துத் துண்டு மட்டும் இருந்தது.

கூப்பிடு, செண்பகம். ஒரே ஒரு தடவை.

"அப்பாவுக்கா வச்சிருக்க?" என்றாள் பிரேமா.

"பழக்கத்துல வச்சிட்டேம்ட்டீ. கூப்பிடத்தான் வாய் வரல. கடைச் சாப்பாடுன்னா அவுகளுக்கு ஆவாதுல்லா. நாப்பது வருசம் எங் கையாலதான் திம்பேன்னு இருந்த மனுசன். செத்த பொறவு வம்படியா ஊட்டவா?"

அவர் கத்தினார்.

உள்ளே கல்லில் யாரோ கொத்துப் புரோட்டா கொத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம்தான் கேட்டது.

செண்பகத்தின் கண் கலங்கியது.

"பாவம். இந்த ருசி என்னன்னு தெரியாமலே போய்ட்டாக."

துண்டை எடுத்தாள். மிச்சமிருந்த சால்னாவில் புரட்டி, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.