நாலரை மணி நேரத் தூரம்

"அத்தா மவுத்தாயிட்டாருங்ணா." போனில் தம்பி நவ்ஷாத் அழுதான்.

அஷ்ரஃப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"தோஹாவுல இருந்து கொச்சிக்கு நாலரை மணி நேரந்தானுங்ணா? அப்புறம் கார்ல மூணு மணி நேரம். நீங்க வந்து முகம் பாத்ததும் அடக்கம் பண்ணலாம்னு ஜமாத்துல சொல்லிட்டேன்."

"டிக்கெட் கிடைக்கலடா. மையித்தைக் காக்க வைக்கக் கூடாது. அசர் தொழுததும் எடுத்துருங்க."

"அப்ப வீடியோவுலயாச்சும் பாருங்ணா."

மாலையில் கோவிந்தாபுரம் கபரஸ்தானிலிருந்து வீடியோ கால் வந்தது. தன் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டுத்தான் அஷ்ரஃப் எடுத்தான். தோளிலிருந்து சந்தூக்கை இறக்கி, மையித்தைக் குழிக்குள் வைத்தார்கள். ஆளாளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு லாட்ஜின் மாடி ஜன்னல் திறந்து கிடந்தது.

வேலை போனதை வீட்டில் சொல்ல முகமில்லாமல், மூன்று மாதமாக அங்கே ஒளிந்திருந்த அஷ்ரஃப், பதறி எழுந்து அந்த ஜன்னலைச் சாத்தினான்.