இமைக்காத இருபது நிமிடம்

"என் பேத்தி இந்தத் திரையை இருபது நிமிஷம் கண் கொட்டாம பார்ப்பா. வேணும்னா எழுதி வச்சுக்கோங்க!" என்றார் டெஸ்மண்ட்.

ஆராய்ச்சிக்கூடத்துப் பிலிப்பா சிரித்துவிட்டாள். "பத்து மாசக் குழந்தைங்க சார். ஆறு நிமிஷம் பார்த்தாலே நாங்க இங்க கேக் வெட்டுவோம்."

"ஊர்க் குழந்தைங்களோட என் இமானியைச் சேர்க்காதீங்க, டாக்டரம்மா."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மார்சியா.

ரயில்வே சிக்னல் அறையில் நாற்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர் அவள் அப்பா. ஒருநாள் தண்டவாளத்தில் ஒரு நரி படுத்துத் தூங்கியதால் பாதி இங்கிலாந்தே நின்றுபோனதாகச் சொல்வார். அவர் பேச்சை நம்புவதற்குப் பதில், லண்டன் வெயிலை நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.

மார்சியாவுக்கு இன்று சிரிப்பு வரவில்லை. மூத்தவன் ஜோயலுக்கு ஆட்டிசம். அப்படிப்பட்ட வீடுகளில் அடுத்துப் பிறக்கும் குழந்தையை மூன்று வயதுவரை கவனித்துக் குறித்துக்கொள்ளும் ஆராய்ச்சி இது. ஜோயலுக்கு உதவி கிடைக்க நாலு வருடம் காத்திருப்போர் வரிசையில் நின்றவள் அவள். இமானிக்கும் அப்படித்தானா, இன்னொரு தடவை நிற்கத் தெம்பிருக்கிறதா என்ற கேள்வி மீன்முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

அம்மா மடி என்றால் இமானி பால் கேட்டு ஊரைக் கூட்டுவாள். அதனால் தாத்தா மடியில் உட்காரவைத்து, விளக்கை மங்கலாக்கிவிட்டு, பெண்கள் இருவரும் பக்கத்து அறைக்குப் போனார்கள்.

அங்கே கணினியிலும் குழந்தை பார்க்கும் அதே படம் ஓடியது. ஒரு பக்கம் சிரிக்கும் முகங்கள், மறுபக்கம் சக்கரம் சுழலும் பொம்மை ரயில். திரைக்குக் கீழிருக்கும் கருவி பிடிக்கும் கண் எங்கே போகிறதோ, அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

ஆறு நிமிடம். பத்து. பதினைந்து. புள்ளி திரையை விட்டு வெளியே போகவே இல்லை.

"என்னங்க இது அதிசயம்!" பிலிப்பாவின் தேநீர் ஆறிப்போனது.

மார்சியா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, புள்ளிகளைப் பார்த்தாள். அத்தனையும் ரயில் சக்கரத்தின் மேல். முகத்தின் மேல் ஒன்றுகூட இல்லை.

"ஜோயலும் இப்படித்தான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான், வாஷிங் மெஷின் சுத்தறதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான்."

"ஒருநாள் புள்ளியை வச்சு எதுவும் சொல்ல முடியாது, மார்சியா."

"தெரியும். அப்புறம் ஏன் குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொல்றீங்க?"

பிலிப்பா மறுபடி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படம் முடிந்தது. இருபது நிமிடம், பதினோரு நொடி.

"இல்லைங்க, இது நடக்கவே முடியாது," என்று அறையின் காமிராப் பதிவை ஓடவிட்டாள் பிலிப்பா. கொஞ்ச நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! மடியில வச்சிருக்கறவங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டணும். உங்கப்பா அடிச்ச அரட்டையில மறந்தே போயிட்டேன்!"

மார்சியா திரையருகே குனிந்து பார்த்தாள். பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரிக்க ஆரம்பித்தாள்.

கதவைத் திறந்துகொண்டு, குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தார் டெஸ்மண்ட். "என்ன, இருபது நிமிஷம் ஆச்சா இல்லையா? எங்கே, இப்பவாவது ஒத்துக்கோ பார்க்கலாம்!"

"ஒத்துக்கறேம்பா, நீங்க சொன்னபடியே இருபது நிமிஷம் நடந்துச்சு," என்றாள் மார்சியா. "ஆனா இமானி மூணாவது நிமிஷமே தூங்கிட்டா, மொதல்லேருந்தே கருவி பிடிச்சது உங்க கண்ணை, அந்தச் சக்கரத்தை விட்டு நகராம இருந்தது அதுதான். ஜோயல் யாரைக் கொண்டு பிறந்திருக்கான்னு இன்னைக்குத்தாம்ப்பா தெரிஞ்சுது!"