மூன்றாவது காக்கை

துப்பாக்கி முனைக்கும் காக்கைக்கும் நடுவே முப்பது அடி.

அவன் ஒரு கண்ணை மூடினான். வேலிக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கையும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது.

இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம்.

சுட்டான். வேலிக்கு அப்பால் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்தது. காக்கை எழுந்து, சம்பிரதாயத்துக்கு ஒரு வட்டம் அடித்துவிட்டு, அதே கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. அவன் குறிவைக்கிற இடம்தான் ஊரிலேயே பத்திரமான இடம் என்று அதற்குத் தெரியும்.

“தப்பிடுச்சு,” என்றான், யாரும் கேட்காமலே.

மூன்று வருஷமாகத் தப்பிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் சொத்தாக இருந்த காலம். ராஜா கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தார். காக்கைகள் இந்தப்பக்கம் இருந்தன. மக்காச்சோளத்தை விதைத்தாலும் தின்றன, விளைந்தாலும் தின்றன. ஊர்ச்சபை கூடி யோசித்தது. இந்த ஊரில் வேலைவெட்டி இல்லாதவர்கள் யார்? கல்யாணம் ஆகாத ஆண்கள். ஆளுக்கு மூன்று காக்கை கொன்று கொண்டுவரட்டும். கொண்டுவராதவனுக்குக் கல்யாணம் கிடையாது.

கை தூக்கியவர்கள் எல்லோரும் கல்யாணம் ஆனவர்கள்.

அவன் இதுவரை இரண்டு கொடுத்திருந்தான்.

ஒன்று, பூனை பிடித்தது. மற்றது வயதாகி, தானாகவே, கோயில் கூரையிலிருந்து விழுந்தது. அதைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தபோது ஊர் எழுத்தர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

நாற்றத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாவதுதான் அமையவில்லை. அவன் கட்டிக்கொள்ளப்போகிற தெபொராள் கல்யாணத்துக்கென்று தைத்து வைத்த கவுனை இதற்குள் இரண்டு தடவை பிரித்தாயிற்று. ஒருமுறை இடுப்பைக் குறைக்க. ஒருமுறை கூட்ட.

பின்னால் சருகு நொறுங்கியது. நடையிலேயே தெரிந்தது, அவள்தான்.

வந்தவள் உள்ளங்கையை விரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மூன்று ஈயக் குண்டுகள்.

நேற்று ஊர்ப்படைப் பயிற்சி. ஆளுக்கு ஒரு மரக்கட்டையில் ஒரு பூசணிக்காயைச் சாய்த்துவைத்து, எண்பது அடி தள்ளி நின்று, மூன்று முறை சுட்டார்கள். அவன் சுட்டதில் பூசணிக்காயில் ஒரே ஒரு ஓட்டை. ஒன்று பட்டது, இரண்டு வழக்கம்போலத் தப்பியது என்று ஊரே சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அவன் சுட்ட கட்டையை அவள் அப்பா விறகுக்கு எடுத்துப்போனது அவனுக்குத் தெரியாது.

காலையில் அவள் அதைப் பிளந்திருக்கிறாள். ஒரே பொந்து. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குண்டுகளும் உள்ளே இருந்திருக்கின்றன.

“பூசணிக்கா என்ன பாவம் பண்ணுச்சு, ஒபதியா? காக்கா மட்டும் என்ன புண்ணியம் பண்ணுச்சு?”

அவன் துப்பாக்கியைப் பார்த்தான்.

“என்னைக் கட்டிக்க இஷ்டம் இல்லேன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிடு. நடுவுல காக்காவை எதுக்கு இழுக்குறே?”

அவனுக்குக் காதுவரை சிவந்தது. இஷ்டம் இல்லையா? கோயிலில் அவள் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று வருஷப் பிரசங்கத்தைக் கோட்டைவிட்டவன் அவன்.

ஆனால் அதற்கு முன்பு இரண்டு வருஷம் வடக்கே சண்டைக்குப் போயிருந்தான். அங்கே இவன் குறி ஒருநாளும் தப்பியதில்லை என்று படைத்தலைவர் ஊர் நடுவே நின்று புகழ்ந்தார். அன்று அவன் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டான். வெட்கப்படுகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

“பூசணிக்கா திரும்பிப் பாக்காது,” என்றான்.

அவள் கை மெல்ல மூடிக்கொண்டது.

காற்றில் சோளத் தட்டைகள் சலசலத்தன. காக்கை ஒரு காலை மாற்றி வைத்தது.

அவள் அவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். வெடிமருந்தைக் குழாயில் கொட்டினாள். மூன்றில் ஒரு குண்டை உள்ளே போட்டு, குச்சியால் இடித்தாள். போன மாரிக்காலத்தில் கோழியோடு ஓடிய நரியை, கோழிக்கு ஒன்றும் ஆகாமல், ஒரே குண்டில் சாய்த்தவள் அவள்.

“அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

திரும்பிக்கொண்டான். இந்த முறை இரண்டு கண்களையும் மூடினான்.

வெடித்தது.

புகை அவனைத் தாண்டிப் போயிற்று. ஒன்றும் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

“தப்பிடுச்சு,” என்றாள். அசல் அவன் குரலில்.

அவன் கண்ணைத் திறந்து திரும்பினான். ஒரு வட்டம் முடித்துவிட்டுக் காக்கை கம்பத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தெபொராள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவனுக்கும் இடம் விட்டாள்.

“கவுன்ல இன்னும் பிரிச்சுத் தைக்கத் துணி இருக்கு,” என்றாள். கண்மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்தாள். “இந்தக் காக்காவுக்கு வயசு என்ன இருக்கும்?”

அவனும் உட்கார்ந்து உற்றுப் பார்த்தான்.

காக்கை கம்பத்திலிருந்து குதித்து இறங்கி, நல்ல பசியோடு, ஒரு முழுக் கதிரை உரிக்கத் தொடங்கியது.