நீலத் தொட்டி

சாயத்தை உடைக்கும் மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் புகுத்தியிருந்தாள் செண்பகவல்லி. ஆய்வுக்கூடத்தில் அது நீல நீரை ஒரே நாளில் தெளிய வைத்தது. சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் விட்டு மூன்று நாளாகியும் நீலம் அப்படியே இருந்தது.

"ஏனுங்க மேடம், உங்க கிருமி இன்னைக்கும் லீவுங்களா?" என்றார் மேஸ்திரி ரங்கராசு. சிரிப்பு பாதியில் நின்றது. மாதக் கடைசிக்குள் நீர் தெளியாவிட்டால் பட்டறைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். அறுபது பேருக்கு வேலை போய்விடும்.

தொட்டி விளிம்பில் காய்ந்திருந்த வெள்ளைப் படிவை அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். உப்பு. துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கொட்டுவது. ஆய்வுக்கூடத்தில் அவள் சாயத்தை வெறும் நீரில்தான் கரைத்திருந்தாள். உப்பில் அவளுடைய பாக்டீரியா செத்திருக்கிறது.

அவள் முகம் வாடவில்லை. குனிந்து, தொட்டிக்குள் கழிவுநீர் விழும் குழாயடியில் படர்ந்திருந்த வழவழப்பான படலத்தைச் சுரண்டினாள்.

"இதுல இருக்கிற கிருமி இந்த உப்புலயே பொறந்து வளர்ந்ததுண்ணா. அந்த மரபணுவை இதுக்குள்ள வெச்சுட்டா, இது செய்யும்."

"மாசக் கடைசிக்குள்ளயா?"

"இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

ரங்கராசு தன் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தை மூடியில் கவிழ்த்தார். பாக்ஸைக் கழுவி எடுத்துவந்தார்.

"ஒரு சொட்டு போதும்ணா."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மண்டியிட்டு, இரண்டு கையாலும் வழித்து வழித்துப் பாக்ஸை நிரப்பிக்கொண்டிருந்தார்.