காகிதப் புடவை

பையிலிருந்து அக்கா எடுத்தது ஒரு புடவை.

பச்சை நிறம். மஞ்சள் கரை. முழுக்கக் காகிதம்.

வேதவல்லி குடையை மடக்கிக் கீழே வைத்தாள்.

கல்லறைக் குன்றில் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னோரைக் கும்பிடும் சிங் மிங் நாள். சுற்றிலும் சீனக் குடும்பங்கள் புல் வெட்டின. கல்லெழுத்துகளுக்குச் சிவப்புச் சாயம் தீட்டின. ஆரஞ்சுப் பழங்களை அடுக்கின.

அத்தனை பேரில் பொட்டும் சேலையுமாக நின்றவள் அவள் ஒருத்திதான். முகம் மட்டும் எல்லோரையும் போல.

பிறந்த இருபதாம் நாள் அவளை ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்தது. வேதவல்லி என்று பெயர் வைத்தது. ஐம்பத்தேழு வருடங்கள் ஓடிவிட்டன.

வளர்த்த அம்மா சாகும்முன், பெற்றவளின் பெயர் எழுதிய ஒரு பழைய தாளைக் கையில் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டு வேதவல்லி தேடினாள். போன மாதம்தான், தைப்பிங் சந்தையில் கீரை விற்கும் அக்கா சியூ லான் கிடைத்தாள்.

அதே மூக்கு. அதே பெரிய காது. கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்து ஆட்களிடம் விற்று விற்று அக்காவுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

வேதவல்லி, பெற்ற அம்மாவின் கல்லறைக்கு இன்று முதல்முறையாக வந்திருக்கிறாள்.

"அம்மா புடவை கட்டுவாங்களா, அக்கா?"

"அம்மாவுக்கு இல்ல. இது உனக்கு."

அவளுக்கு விளங்கவில்லை.

அக்கா ஊதுபத்தியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்க."

வேதவல்லிக்கு மூன்று வயதாக இருந்தபோது பெற்ற அம்மா அவளைப் பார்க்க வந்திருக்கிறாள். அதற்குள் வளர்த்த குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. தொழிலாளர் லயத்தில் யாரோ தப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை காய்ச்சலில் செத்துவிட்டது என்று.

அடுத்த சிங் மிங்கில் அம்மா அவளுக்கு ஒரு காகித உடை எரித்தாள்.

எரித்தால் செத்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்.

தமிழ் வீட்டுக்குப் போன பிள்ளை. அதனால் பாவாடை.

செத்த பிள்ளை வளராது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் பாவாடையை இரண்டு விரற்கடை நீட்டினாள்.

பதினெட்டில் புடவை.

காகிதப் புடவை எந்தக் கடையிலும் இல்லை. சந்தையில் கீரை வாங்க வரும் தமிழ்ப் பெண்களை உற்று உற்றுப் பார்த்து, அம்மா தானே மடித்தாள். இருபத்து மூன்றில் தங்கக் காகிதத்தில் ஒரு தாலியும் வெட்டிப் போட்டாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அம்மா போனாள். மடிக்கிற வேலை அக்காவுக்கு வந்தது.

"இந்த வருஷத்துக்கும் மடிச்சு வெச்சுட்டேன். அப்புறம்தான் நீ வந்தே."



தீபாவளிக்கு முதல் நாள், வளர்த்த அம்மாவின் படத்துக்கு முன்னால் வேதவல்லியும் ஒரு புதுப் புடவை வைத்துப் படைக்கிறவள்தான். ஏன் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

காகிதத்தைச் சிமெண்டுத் தரையில் விரித்தாள். கொசுவம் இருந்தது. ஏழு மடிப்பு, ஒன்றுகூடப் பிசகவில்லை. முந்தானை இருந்தது. முந்தானைக்குக் குஞ்சம்கூட இருந்தது.

நெஞ்சுப் பக்கம் சிவப்புத் தாளில் மூன்று சீன எழுத்துகள்.

"இது?"

"உன் பேரு. முதல் எழுத்து குடும்பப் பேரு. மத்த ரெண்டும் சுவீ ஃபோங். அம்மா வெச்சது."

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சுவீ ஃபோங். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு புடவையை மறுபடி புரட்டிப் பார்த்தாள். பையைத் துழாவினாள்.

"அக்கா, ரவிக்கை எங்கே?"

அக்கா விழித்தாள்.

"என்ன ரவிக்கை?"

"புடவைக்கு ரவிக்கை வேணாமா?"

அக்காவின் கை வாயைப் பொத்தியது. தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அவள் பதறிப்போனாள்.

சிரிப்பு.

"ஒரு வருஷம்கூட வெக்கலையே!"

முப்பத்தொன்பது வருடப் புடவைகள். ஒன்றுக்கும் ரவிக்கை இல்லை. இருவரும் அம்மாவின் கல்லறை மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிறுத்த முடியவில்லை. ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் தொடங்கினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னாள், "உயிரோட இருக்கிற ஆளுக்கு எரிக்கக் கூடாது. இதை என்ன செய்ய?"

வேதவல்லி சிவப்புத் தாளைக் கிழியாமல் பிரித்தெடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அம்மாவுக்கே அனுப்பு."

"அவளுக்குக் கட்டத் தெரியாதே."

"என்னை வளர்த்த அம்மா அங்கதானே இருக்காங்க. கட்டிவிடுவாங்க."

தகர டின்னுக்குள் முதலில் காகிதச் செருப்பு போனது. பிறகு தங்கத் தாள்கள். கடைசியில், இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, புடவை.

பச்சை சட்டென்று பற்றியது.

குச்சியால் தீயைக் கிளறிக்கொண்டிருந்த அக்காவின் முகம் மாறியது.

"ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டம், தங்கச்சி. நீ உயிரோட இருக்கேன்னு தெரியாமலே அம்மா போயிட்டா."

வேதவல்லி தீயிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"அங்க போனதும் முதல்ல யாரைத் தேடியிருப்பாங்க?"

"உன்னைத்தான்."

"நான் அங்க இல்லையே, அக்கா."

அக்காவின் கையிலிருந்த குச்சி அப்படியே நின்றது.

சாம்பல் எழும்பியது. ஒரு துண்டு வேதவல்லியின் தோளில் வந்து உட்கார்ந்தது. அவள் தட்டிவிடவில்லை.

அக்கா மெல்ல எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள். கல்லில் பதித்திருந்த அம்மாவின் படத்தைப் பார்த்துச் சீனத்தில் சத்தமாகத் திட்டத் தொடங்கினாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாதியில், தங்கைக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினாள்.

"இவ சாகலைன்னு பன்னெண்டு வருஷமா உனக்குத் தெரியும்! என்னை மட்டும் உட்கார்ந்து மடிக்க விட்டுட்டியே!"