எழுபத்திரண்டு பேனாக்கள்

அதிபர் பெயரில் இருந்ததென்னவோ பதினோரு எழுத்துதான். பேனாவுக்குக் காத்திருந்த பெரிய மனிதர்களோ எழுபத்திரண்டு பேர். புதுச் சட்டத்தில் கையெழுத்திடும்போது, ஒரு பேனாவால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அதை ஒருவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுப்பது அந்த அதிபர் மாளிகையின் வழக்கம். பேனாக்களை அதிபரிடம் நீட்டுவதும், எழுதியதை வாங்கி விருந்தினரிடம் கொடுப்பதும் எல்வுட்டின் வேலை. கறுப்பரான அவரும் எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்குத்தான் அன்றைய சட்டம். கையெழுத்து விழுந்ததும் உள்ளே போக, ஓட்டல் வாசலில் அவர் மனைவி லொரீன் காலையிலிருந்து கால்கடுக்க நின்றாள். அதிபரோ முதல் எழுத்தை முடிக்கவே ஏழு பேனா எடுத்துக்கொண்டார். நடுநடுவே சுதந்திரத்தைப் பற்றியும் பேசினார். இந்தச் சட்டமே கூடாதென்று பதினான்கு மணி நேரம் முழங்கிய செனட்டர்தான் முதலில் கைநீட்டினார். "குடுப்பா, பேரனுக்குக் காட்டணும்." கடைசிப் பேனா எழுதவில்லை. அதிபர் உதறிப் பார்த்தார். எல்வுட் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை நீட்டினார். கடைசி இழுப்பும் விழுந்தது. அதையும் செனட்டரே வாங்கிக்கொண்டார். "ரெண்டாவது பேரனும் இருக்கான்ல?"

"வெச்சுக்குங்க ஐயா" என்றுவிட்டு எல்வுட் தெருவைக் கடந்தார்.

இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சர்வர் வந்தான், இருவரையும் மாறிமாறிப் பார்த்தான், பையைத் தடவினான். "எழுதிக்கப் பேனா இல்லையே."

எல்வுட்டின் கை தன் வெறும் பைக்குப் போனது.

"எழுதவே வேணாம்ப்பா. வாயாலயே சொல்றேன், நல்லா கேட்டுக்கோ" என்ற லொரீன், மேசைக்கடியில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டாள்.