வாசலில் பட்டினி

"யாருடா இவ, வாசல்ல?"

குடிசைக்குள் நுழையும்போதே மனிலியஸ் கத்தினான். ரோமாபுரி வியாபாரி. வருடா வருடம் இந்த அயர்லாந்துக் கரைக்கு மது ஜாடிகளோடு வருவான். மாட்டுத்தோலும் வேட்டை நாய்களும் ஏற்றிக்கொண்டு போவான். இரண்டு நாள் அரசன் வீட்டு விருந்தில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறான். வந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை.

"நேத்து விடிஞ்சதுலேருந்து இங்கதான் எசமான். பேரு ஈத்னாவாம். பச்சைத் தண்ணிகூட வாயில வைக்கல," என்றான் ஃபெலிக்ஸ்.

ஃபெலிக்ஸ் அவனுடைய அடிமை. நாலு பாஷை பேசுவான். அவன் கூட இல்லாவிட்டால் மனிலியஸால் இந்த ஊரில் ஒரு வெங்காயம்கூட வாங்க முடியாது.

"என்னதான் வேணுமாம்?"

"அவ மகன் உங்ககிட்ட அடிமையா இருக்கானாம். போன வருஷம் நம்ம கப்பல்லேருந்து இறங்கறப்ப பாத்தாளாம். திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் சாப்பிட மாட்டாளாம்."

"கேட்டதும் பறிச்சுக் கொடுக்க, அடிமை என்ன மரத்துலயா காய்க்குது?"

சிரித்தான். ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை. வெளியே ஐம்பது பேராவது நின்றிருந்தார்கள். பாதிப் பேர் கையில் ஈட்டி. எல்லார் கண்ணும் அவன் மேல்தான்.

பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் அரசனின் விருந்தாளி. அவனையும் அவன் உடைமையையும் இந்த மண்ணில் ஒருத்தன் தொடக்கூடாது. போன வருடம் துடுப்பு போடும் அடிமை ஒருவன் காட்டுக்குள் ஓடினான். அரசனே ஆள் விட்டுப் பிடித்து, கையைக் கட்டித் திருப்பி அனுப்பினான்.

இருந்தாலும் அந்தச் சனியனை ஒழித்துவிடலாம் என்று, துடுப்புக்காரர்கள் பதினோரு பேரையும் வரவழைத்து வாசலில் நிறுத்தினான்.

"இதுல எவன்னு கேளு."

ஃபெலிக்ஸ் கேட்டான். ஈத்னா அந்தப் பதினோரு பேரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மனிலியஸ் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. உட்கார முடியாமல் கதவு நிலையில் சாய்ந்திருந்தாள். இன்னும் ஒரு நாள் தாங்குவாளா என்பதே சந்தேகம்.

"பைத்தியம் எசமான். விடுங்க. நீங்க சாப்பிடுங்க."

ஃபெலிக்ஸ் பலகையில் வாற்கோதுமை ரொட்டியும் சுட்ட பன்றிக்கறியும் கொண்டுவந்து வைத்தான். மனிலியஸ் கை நீட்டினான். உடனே வெளியே ஐம்பது தலைகளும் ஒன்றாக முன்னால் நீண்டன. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஏண்டா, ஏன் இப்படிப் பாக்கறாங்க? இது ஏதாவது ஊர் வழக்கமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல எசமான். வேடிக்கை பாக்குற கூட்டம்."

"வேண்டாம். கடல்ல தண்ணி ஏறுது. உச்சிக்குள்ள கப்பல் கிளம்பணும். ஏறின பிறகு சாப்பிட்டுக்கறேன்."

ஃபெலிக்ஸ் மது ஊற்றிக்கொண்டிருந்தான். நாலு சொட்டு பலகையில் சிந்தியது.

"எசமான், நான் ஒண்ணு சொல்லலாமா? ஒரு பொம்பளைக்குப் பயந்து ரோமாபுரிக்காரன் பட்டினியா ஓடினான்னு ஊரெல்லாம் பேசும். அடுத்த வருஷம் உங்களை ஒருத்தன் மதிப்பானா? நல்ல தோல் ஒண்ணு கண்ணுல காட்டுவானா? அவங்க பாக்கப் பாக்கச் சாப்பிடுங்க. பெரிய ஆளுன்னு தானா அடங்கிடுவாங்க."

அது மனிலியஸுக்குச் சுருக்கென்று தைத்தது. மானம் என்று வந்துவிட்டால் ரோமாபுரிக்காரனுக்கு யோசனை நின்றுவிடும்.

ரொட்டியைப் பிய்த்தான். கறித்துண்டை அதில் வைத்தான். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டு மென்றான்.

"நீயும் எடுத்துக்கோடா."

"வேண்டாம் எசமான். நேத்துலேருந்து வயிறு சரியில்ல."

மனிலியஸ் இரண்டாவது வாய் விழுங்கினான். வெளியே யாரோ சீழ்க்கை அடித்தார்கள். எட்டு பேர் துறைக்கு ஓடி, கப்பலுக்கு ஏறும் பலகைப் பாலத்தை மறித்துக்கொண்டு நின்றார்கள். மனிலியஸ் ரொட்டியைக் கீழே வைத்தான்.

கூட்டம் வழி விட்டது. அரசனின் நியாயக்காரன் டுவாக் வந்து வாசலில் நின்றான். பலகையைப் பார்த்தான், கடித்த ரொட்டியைப் பார்த்தான். மெதுவாக ஏதோ சொன்னான்.

"என்னடா சொல்றான்? சொல்லித் தொலை!"

ஃபெலிக்ஸ் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

"வாசல்ல ஒருத்தி நியாயம் கேட்டுப் பட்டினி கிடக்கறப்ப உள்ள உக்காந்து சாப்பிட்டவனுக்கு இந்த மண்ணுல காவல் கிடையாது. அரசனே விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாலும் கிடையாது. சாப்பிடாம இருந்திருந்தா உங்களைத் தொட்டிருக்க முடியாது. இப்ப அவ கேட்டதைக் கொடுத்துட்டு உயிரோட கப்பல் ஏறலாம்ங்கறார்."

மனிலியஸின் முகம் வெளிறிப் போனது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் எசமான்."

"அப்புறம் ஏண்டா படுபாவி என்னைச் சாப்பிடச் சொன்னே? சரி, சரி, கொடுத்துடறேன்னு சொல்லு! எவன் அவ மகன்? எவனா இருந்தாலும் கூட்டிக்கிட்டுப் போகட்டும்!"

ஃபெலிக்ஸ் அதை டுவாக்கிடம் சொன்னான். டுவாக் தலையசைத்தான்.

பிறகு ஃபெலிக்ஸ் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்தான். எசமான் பெயர் பொறித்த அந்தப் பித்தளைத் தகட்டைப் பலகையில் வைத்தான். மீதி ரொட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அந்தப் பெண்பிள்ளை முன்னால் மண்டியிட்டு, அதை இரண்டாகப் பிய்த்தான்.

"அம்மா," என்றான், அவள் பாஷையில். "நானும் நேத்துலேருந்து சாப்பிடல."